ஹார்ட்ஷெல் ரூஃப்டொப் டென்ற்: 'பெட்டகப் பரண்' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

வாகனக் கூரையில் பொருத்தும், கடினமான மூடியுள்ள கூடாரத்துக்கு (ஹார்ட்ஷெல் ரூஃப்டொப் டென்ற்) தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்குக் குழுவில் வந்த 'கடின ஓட்டுக் கூரைக் கூடாரம்' என்ற முன்மொழிவை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஓட்டுக்கூரை போட்ட கொட்டிலோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் வேறு எப்படி விளங்கும்? ஓட்டுக்கூரை என்றால் இங்கே ஓடு வேய்ந்த வீட்டுக்கூரைதான். வாகனம் என்ற நினைப்பே அந்தப் பெயரில் வரவில்லை. மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் வரிசையாகத் தமிழ் வைத்ததால் வந்த சிக்கல் இது.

போன சோளகக் காலத்தில் நண்பர் ஒருவரின் டபிள் கப் பிக்கப் வாகனத்தில் பொருத்தியிருந்த ஒன்றில், வேலணை சாட்டிக் கடற்கரையில் இரண்டு இரவு தனியே தங்கினேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். வாகனத்தின் மேல் தட்டையான ஒரு பெட்டி. பூட்டை விடுவித்ததும் மூடி தானாக எழும்புகிறது. வான் வண்டியின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் அதே வகை வாயுத்தண்டுகள்தான் இதையும் தூக்குகின்றன. மெத்தை உள்ளேயே விரித்திருக்கிறது. ஏணியைச் சாத்தி ஏறிப் படுப்பதுதான் மிச்ச வேலை. உயரமான மேடை, ஏணி, காற்று, மேலிருந்து சுற்றிவரப் பார்க்கும் பார்வை. இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: பரண். வன்னியில் யானைக்கும் பன்றிக்கும் வயல் காப்பவர்கள் இன்றும் பரணில்தான் படுக்கிறார்கள். குழுவில் உள்ள ரொறன்ரோ அண்ணை சங்கப் பாடல்களிலிருந்து எடுத்துத் தந்த 'இதணம்' அழகான சொல். தினைப்புனம் காத்த பரணும் அதுதான். ஆனால் கேட்டவுடன் விளங்க வேண்டும் என்பதால் நான் பரணோடு நிற்கிறேன். பரண் என்றால் பழைய சாமான் போடும் இடம் என்ற மறுப்பு வந்தது. அந்தப் பொருள் வீட்டுக்குள் மட்டும்தான். வெளியில், ஏணியோடு சொன்னால் யாரும் குழம்பமாட்டார்கள்.

அடுத்தது 'ஹார்ட்ஷெல்'. இத்தாலியில் வந்த வன்கூட்டு வகை ஒன்றுக்கு 'மஜ்ஜொலினா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குள் வண்டு இருக்கிறது. அவர்களுக்கு வண்டின் முதுகு தெரிந்தது. எனக்கு எங்கள் அம்மப்பாவின் பெட்டகம் தெரிகிறது. கனத்த மரப்பெட்டகம், உள்ளே பித்தளைச் சாமானும் காணி உறுதிகளும் இருக்கும், இரவில் அதன் மேலேயே பாய் போட்டுப் படுப்பார். மூடியுள்ள, உறுதியான, மேலே ஆள் படுக்கும் பொருள். 'பெட்டகப் பரண்' என்று சொன்னதும் மூடி திறக்கும் ஒன்று என்பது தானாகவே விளங்குகிறது. துணியை மடித்து உறையிட்டுக் கட்டும் மற்ற வகை 'படங்குப் பரண்' ஆகட்டும்.

தனியே போகிறவருக்கு அடுத்த பிரிவுதான் முக்கியம், ஆகவே அதற்கும் பெயர் வேண்டும். மூடி நாலு பக்கமும் நேராக எழும்பினால் 'எழுமூடி', ஒரு பக்கம் பிணைச்சலோடு நிற்க மறுபக்கம் மட்டும் தூக்கினால் 'சாய்மூடி'. எழுமூடியில் உள்ளே எங்கும் ஒரே உயரம், நிமிர்ந்து இருக்கலாம். ஆனால் மூடும்போது ஒரு முனையை இழுத்துவிட்டு மற்ற முனைக்கு ஓட வேண்டும், இடையில் பிதுங்கும் துணியையும் உள்ளே தள்ள வேண்டும். சாய்மூடியில் ஒரு பட்டியை ஓரிடத்தில் நின்று இழுத்தால் மூடி இறங்கிவிடும். பிணைச்சல் பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்து நிறுத்தினால் சரிவு காற்றை மேலே தள்ளிவிடும். சாட்டியில் முதல் இரவு நான் மாறி நிறுத்திவிட்டேன், விடியும்வரை துணி அடித்துக்கொண்டே இருந்தது. என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். பூட்டு எட்டுமா, பட்டியின் நுனி கைக்கு வருமா என்பதைத் தரையில் நின்று பார்க்காமல் யாரும் வாங்க வேண்டாம்.

இனி, சொல் பிழைத்தால் ஆபத்து வரும் இடம். குழுவில் கொழும்பு நண்பர் தந்த சொற்பட்டியலில் 'கூரைச் சுமை' என்று ஒரே சொல்தான் இருக்கிறது. இரண்டு வேண்டும். வாகனம் ஓடும்போது கூரை தாங்கக்கூடியது 'ஓட்டச்சுமை'. நிறுத்தியிருக்கும்போது தாங்கக்கூடியது 'நிலைச்சுமை'. முதலாவது சிறியது, ஏனென்றால் வளைவிலும் பிரேக்கிலும் குழியிலும் அந்தப் பாரம் ஆடி இழுக்கும். நிலைச்சுமை அதைப்போல் பல மடங்கு இருக்கும். ஓட்டச்சுமை 75 கிலோ உள்ள வாகனத்தில் 70 கிலோப் பரணைப் பொருத்தினால், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் நிறையோடு எல்லை தாண்டிவிடும். ஆள் ஏறிப் படுக்கும் நிறை நிலைச்சுமைக் கணக்கு. இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால், ஒருவர் தன் உடல் நிறையையும் கூட்டிப் பார்த்துப் பயந்து விட்டுவிடுவார். இன்னொருவர் பெரிய எண்ணை நம்பி ஏ9 வீதியில் போவார். இரண்டாமவரை நினைத்துத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். 'அசைவுச்சுமை' என்றாலும் எனக்குச் சரி, ஆனால் இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும்.

ஏணி ஏணியாகவே இருக்கட்டும்.

மிச்சம் ஒன்றுதான். பரணின் விளிம்பிலிருந்து கீழே தொங்கவிட்டு, உடை மாற்றவும் சமைக்கவும் மறைப்பாகப் பயன்படுத்தும் துணியறை. வீட்டோடு சாய்ப்பாக இறக்குவதை நாங்கள் 'பத்தி' என்போம். ஆனால் அகராதியில் அதன் பக்கத்திலேயே ஊதுபத்தியும் எழுத்துப் பத்தியும் நிற்கின்றன. 'தொங்கறை' என்று ஒன்றும் மனதில் இருக்கிறது. மட்டக்களப்பு, மன்னார் பக்கத்தில் இதற்கு என்ன சொல்வீர்கள்?