ஒன்றரை நிமிட மஃபின்: உங்கள் வீட்டில் எப்படி வந்தது?

செந்தூலிலிருந்து:

இங்கே கோலாலம்பூரில் காலை ஆறரைக்குள் கொமியூட்டர் இரயிலைப் பிடித்தாக வேண்டியவள் நான். பசியாறுவது என்றால் நிலையத்துக்கு வெளியே மேசை போட்டு ஒரு மாக்சிக் (மலாய் அம்மா) விற்கும் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம்தான். பத்து ஆண்டுகளாக அதுவே. போன ஆண்டு இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு ஏறியிருப்பது தெரிந்தது. அதன் பிறகுதான் வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற புத்தி வந்தது. ஒரு குவளையில் மாவைக் கலக்கி மைக்ரோவேவில் வைத்தால் ஓர் ஆளுக்கு ஒரு மஃபின் என்று உடன் வேலை செய்யும் தோழி ஆசை காட்டினாள்.

முதல் முயற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோதுமை மாவு, முட்டை, பால், சீனி. தோழியின் அடுப்பு 1,000 வாட், என்னுடையது 700 வாட். குறைந்த வாட்டுக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பது சரிதான். நான் போட்ட கணக்குத்தான் தப்பு. மூன்று நிமிடம் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் குவளைக்குள் பள்ளிக்கூடத்து அழிரப்பர் ஒன்று உட்கார்ந்திருந்தது. கரண்டியால் அழுத்தினால் கரண்டியைத் திருப்பித் தள்ளியது. குதிக்கிறதா என்று என் மகன் தரையில் போட்டுப் பார்த்தான். குதிக்கவில்லை, உருண்டது.

அம்மாதான் விஷயத்தைப் பிடித்தார். "சுடுகிற பண்டத்தைப் போல நினைத்துக்கொண்டு செய்கிறாய். இது அவிக்கிற பண்டம். இட்லி என்று நினைத்துச் செய்" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மைக்ரோவேவ் பெரும்பாலும் மாவில் உள்ள நீரைத்தான் சூடாக்குகிறது. அந்த ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் மேற்புறம் பொன்னிறமாகச் சிவப்பதில்லை. சிவக்கட்டும் என்று காத்திருந்தால் நீரெல்லாம் ஆவியாகி, முட்டை இறுகி, அழிரப்பர்தான் மிஞ்சும்.

இப்போது நான் செய்வது இதுதான். நன்றாகக் கனிந்த பிசாங் மாஸ் என்ற சின்ன வாழைப்பழம் இரண்டைக் குவளையிலேயே முள்கரண்டியால் மசிப்பேன். சி கிரேட் முட்டை ஒன்று போதும், பெரிய முட்டை போட்டால் ஆம்லெட் வாடை வந்துவிடுகிறது. பொடித்த ஓட்ஸ் நான்கு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, தயிர் ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். சீனி கிடையாது. குவளையில் பாதிக்கு மேல் நிரப்பினால் பொங்கி வழிந்து கண்ணாடித் தட்டைக் கழுவும் வேலையும் சேர்ந்துகொள்ளும். முதலில் ஒரு நிமிடம் வைப்பேன். நடுவில் ஈரம் மின்னினால் இன்னும் 20 விநாடி, தேவைப்பட்டால் மறுபடியும் அவ்வளவே. எடுத்ததும் சாப்பிடாமல் ஒரு நிமிடம் விட்டுவிட்டால் உள்சூட்டிலேயே நடுப்பகுதி வெந்துவிடும். உங்கள் வீட்டில் எப்படி வந்தது? சொதப்பியவர்கள் முதலில் எழுதுங்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து:

அக்கா, சொதப்பியவர்களில் எனக்குத்தான் முதலிடம். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு அறைக்கு வருவேன். ஐந்து பேருக்கு ஒரு மைக்ரோவேவ். கழுவிய குவளை ஏதும் இல்லாததால், கல்யாண அன்பளிப்பாக வந்து அலமாரியில் கிடந்த தங்கக்கரை போட்ட கோப்பையை எடுத்தேன். பத்து விநாடிகூட ஆகவில்லை, உள்ளே தீபாவளி! பட்பட்டென்று பொறி பறந்தது. தூங்கிக்கொண்டிருந்த நண்பன் ஓடிவந்து சுவிட்சை நிறுத்தினான். அந்தக் கரை உலோகம் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவில்லை. இன்னொருவன் மெலமின் கிண்ணத்தில் முயன்றான். மாவைவிடக் கிண்ணம் அதிகமாகக் கொதித்து, கீறல் விட்டது. இப்போது வெறும் வெள்ளைப் பீங்கான்தான், இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

எல்லாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். தெருவில் இறங்கினால் சுடச்சுடத் தோசை கிடைக்கிற ஊரில், வாழைப்பழத்தைக் குவளையில் போட்டு அவித்துச் சாப்பிட வேண்டிய விதி நமக்கு ஏன்? அறுபத்தெட்டு வயது எனக்கு. ரொட்டி சானாயையே கடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

பட்டர்வொர்த்திலிருந்து:

ஐயா, உங்கள் உடம்பு வாங்கி வந்த வரம் அப்படி. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). 2023-இல் எடுத்த தேசிய ஆய்வில் மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருப்பது தெரிந்தது. நம்மவர்களிடம் அது இன்னும் அதிகம். எந்தத் திருமண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பாயசத்தைத் தள்ளிவைப்பவர்களை எண்ணினாலே தெரிந்துவிடும்.

செந்தூல் தங்கச்சி, உங்கள் செய்முறையைத்தான் நானும் கிட்டத்தட்டச் செய்துகொண்டிருந்தேன். சீனி போடவில்லையே என்ற தைரியத்தில் அப்பாவுக்கும் கொடுத்தேன். சாப்பிடுமுன் இரத்தச் சர்க்கரை 6.8 mmol/L இருந்தது, இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் 11.9! காய் கனியும்போது அதிலிருக்கும் மாவுச்சத்துதான் சர்க்கரையாக மாறுகிறது. ஓட்ஸையும் மாவாக அரைத்துவிட்டால் உடம்புக்கு வேலை மிச்சம், சர்க்கரை விறுவிறுவென்று ஏறிவிடும். இப்போது அரைக்காத ஓட்ஸை இரவே தயிரில் ஊறப்போடுகிறேன். அதிகம் கனியாத பழத்தில் பாதி, உடைத்த பாதாம் கொஞ்சம். கடைசியாகப் பார்த்தபோது 9.1. என் அப்பாவின் உடம்பில் கண்டது இது, உங்கள் வீட்டில் நீங்களே குத்திப் பாருங்கள்.

கேழ்வரகிலும் செய்யலாம். ஆனால் அதில் கோதுமையின் பசைத்தன்மை இல்லாததால் புட்டு போல உதிரும். ஊறவிட்டால் சற்றுப் பிடித்து நிற்கிறது. குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லம் போட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அதுவும் சீனிதான், பெயர் மட்டும் அழகு.

கோம்பாக்கிலிருந்து:

நான் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். தைப்பூசத்துக்கு முன் 48 நாள் சைவம் இருந்ததால் முட்டைக்கு மாற்று தேட வேண்டியதாயிற்று. ஆளி விதைப் பொடி ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் விட்டால் கொழகொழவென்று முட்டையைப் போல ஆகிறது. முட்டை போட்ட மஃபின் அளவுக்கு உப்பாது, கொஞ்சம் கனமாகவே இருக்கும். ஆனால் இரப்பராகவே ஆகாது, அந்த வகையில் முட்டையைவிட மேல்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து சின்ன டப்பாக்களில் உலர்ந்த பொருள்களைப் பிரித்து வைத்துவிடுவேன். ஒருமுறை சோம்பல்பட்டு, ஈரத்தையும் சேர்த்துக் கலக்கிக் குளிர்பெட்டியில் வைத்தேன். பேக்கிங் பவுடரில் ஒரு பங்கு ஈரம் பட்டதுமே பொங்கிவிடும் என்பது அப்போது தெரியாது. காலையில் தோசைக் கல்லில் ஊற்றாத குறை, அவ்வளவு தட்டை.

மீண்டும் செந்தூலிலிருந்து:

பட்டர்வொர்த் அக்கா, அரைக்காத ஓட்ஸில் செய்து பார்த்தேன். மெல்ல வேண்டியிருக்கிறது, ஆனால் பதினொரு மணிக்குப் பசிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஐயாவுக்கும் ஒரு செய்தி: நாசி லெமாக்கை நான் முற்றாக விடவில்லை, வெள்ளிக்கிழமைகளில் உண்டு. மற்ற நாள்களில் ஏன் ஆளையே காணோம் என்று அந்த மாக்சிக் கேட்டுக்கொண்டே இருந்தார். போன வாரம் பையிலிருந்த மஃபினில் பாதியைப் பிட்டுக் கொடுத்தேன். மென்றுவிட்டு, "இது குவே அப்பம்தானே, இதற்கா இவ்வளவு நாள் வராமல் இருந்தாய்?" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். குவே அப்பம் என்பது மலாய்க்காரர்கள் அவித்துச் செய்யும் பலகாரம். அம்மா சொன்ன இட்லிக்கும் இவர் சொன்ன அப்பத்துக்கும் இரண்டு படிதான் தூரம்.

குலா மெலாக்கா சீவிப் போடு, மணம் வரும் என்றும் சொல்லி அனுப்பினார். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. வரும் வெள்ளிக்கிழமை அவருக்காகச் செய்யும் மஃபினில் ஒரே ஒரு சின்னத் துண்டு போடப்போகிறேன்.