குறுவட்டத்தில் அரையிறுதியைத் தாண்ட மாட்டேங்குது, பள்ளி கூடைப்பந்து அணியை எங்கிருந்து சரி பண்ணுவது?

சிமென்ட்கோர்ட்:

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி. வெளிக்கோர்ட், சிமென்ட் தரை, ரெண்டு போர்டும் இருக்கு. பந்து எட்டு, அதில் உருப்படியா இருக்கிறது அஞ்சு. 8ஆம் வகுப்பிலிருந்து 11 வரை பையன்கள் 22 பேர். பயிற்சி சாயங்காலம் 4.20 முதல் 5.40 வரைதான். அதுக்கு மேல இழுத்தா ஊர் பஸ் போயிடும்.

ரெண்டு வருஷமா அரையிறுதியோட நிற்கிறோம். கடைசி ஆட்டம் 31-44. எதிரணி ஃபுல் கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க ஒட்டி நின்னு மறிக்கிறது) போட்டதும் கதை முடிஞ்சுது. 2-3 ஸோனை (முன்னால ரெண்டு பேர், பின்னால மூணு பேர் நின்னு ஆளைப் பிடிக்காம இடத்தைக் காக்கிறது) ஒழுங்கா பழக்கி, நாலஞ்சு செட் ப்ளே, அதாவது முன்கூட்டியே வகுத்த நகர்வு, சொல்லிக் கொடுத்தா தேறுமா? எந்த ப்ளே நல்லது? ஆறு மாசம் கையில் இருக்கு.

தாமிரபரணி_போஸ்ட்:

ப்ளே எதுவும் இப்போ வேண்டாம் சார். முதல்ல எண்ணுங்க. ஸ்கோர் ஷீட்டில் விழுந்ததுதான் இருக்கும், விட்டது இருக்காது. அடுத்த பயிற்சி ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருக்கிற பையன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து நாலு கட்டம் போடச் சொல்லுங்க: ஷாட்டே எடுக்காம பறிபோன பந்து, தவறின லே-அப் (ஓடி வந்து கூடைக்குக் கிட்ட எம்பிப் போடுறது), எதிரணி தவறவிட்ட பந்தை அவங்களே பிடிச்சு எடுத்த ரெண்டாவது ஷாட், ஃப்ரீ த்ரோ எத்தனைக்கு எத்தனை.

கணக்கு இப்படி. ஒரு ஆட்டத்தில் 60 தடவை பந்து உங்க கைக்கு வருதுன்னு வைங்க. 25 தடவை ஷாட்டுக்கு முன்னாலேயே போயிட்டா மிச்சம் 35. மூணுக்கு ஒண்ணு விழுந்தா 12 கூடை, 24 புள்ளி. பறிகொடுக்கிறதை 15க்குக் குறைச்சா 45 ஷாட், 15 கூடை, 30 புள்ளி. ஷூட்டிங் ஒரு துளியும் முன்னேறலை, ஆனா ஆறு புள்ளி கூடியாச்சு. நடுக்கோர்ட்டில் பறிபோற பந்து பெரும்பாலும் ஆளில்லாத லே-அப்பா முடியும். காப்பாத்தின பத்தில் ஆறு அப்படிப் போயிருக்கும்னு வெச்சாலும் எதிரணிக்கு 12 குறையும். மொத்தம் 18. நீங்க தோத்தது 13ல.

பிரஸ் எப்படி உடையாம போகுதுன்னு பாருங்க. த்ரோ இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே போடுற பந்து) வாங்கினவன் எதிர்க்கூடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டே ட்ரிபிள், அதாவது பந்தைத் தட்டிக்கிட்டு ஓட, ஆரம்பிப்பான். ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுங்குவான். ரெண்டு பேர் வந்து மூடுவாங்க, கோடு மூணாவது ஆள். பயத்தில் தலைக்கு மேல ஒரு லாப் பாஸ், அவ்வளவுதான்.

மாத்த வேண்டியது நிற்கிற இடமும் கண்ணும். த்ரோ இன் போட, பந்தைக் கொண்டுபோற உங்க நல்ல கார்டை அனுப்பாதீங்க, நீளக் கை உள்ள பெரிய பையனை அனுப்புங்க. கூடை விழுந்த பிறகு போடுற த்ரோ இன்னில் அவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே இடமும் வலமும் ஓடலாம். விதி அனுமதிக்குது, ஆனா பள்ளி அணிகளில் பாதிப் பேர் நட்ட கல்லு மாதிரி நிற்பாங்க. அஞ்சு விநாடி இருக்கு. ஃப்ரீ த்ரோ கோடு பக்கம் ரெண்டு பேர், நடுக்கோட்டில் ஒருத்தன், தூரத்தில் ஒருத்தன். மூலையில் மட்டும் யாரும் பந்து வாங்கக் கூடாது. வாங்கினவன் ஜம்ப் ஸ்டாப் (ரெண்டு காலும் ஒண்ணா ஊன்றி நிற்கிறது), பிவட் (ஒரு காலை ஊன்றித் திரும்புறது), முதல் பார்வை நடுக்கோட்டு ஆள் மேல. பந்து போட்டவன் உள்ளே வந்து, பந்துக்கு நாலு மீட்டர் பின்னால சாய்வா நிற்கணும், அடைபட்டா திருப்பிக் கொடுக்க. பாதிக் கோர்ட்டைத் தாண்ட எட்டு விநாடி. மூணு பாஸுக்கு அது தாராளம், பத்து ட்ரிபிளுக்குத்தான் பத்தாது.

பயிற்சிக்கு எதிரே அஞ்சு பேரை நிறுத்தாதீங்க, ஏழு பேரை நிறுத்துங்க. உங்க அஞ்சு பேருக்கு ட்ரிபிள் தடை, பாஸ் மட்டும். தினம் பத்து நிமிஷம். முதல் ரெண்டு வாரம் பார்க்கவே சகிக்காது, நிறுத்திடாதீங்க.

விசில்காரன்_பாளை:

ஸோன் விஷயத்துக்கு நான் வாரேன். 2-3 போட்டா குறுவட்டத்துல செயிக்கலாம், அங்க வெளிய இருந்து போடத் தெரிஞ்சவன் கம்மி. மாவட்டத்துல 45 பாகையில ஒரு ஷூட்டர் நிக்கான்னு வைங்க, ஹை போஸ்ட்ல, அதாவது ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம், பந்து வாங்கித் திரும்புத ஒருத்தனும் இருந்தா ஸோன் ரெண்டா பிளந்துரும். பெரிய கேடு என்னன்னா, ஸோன்ல வளந்த பையலுவளுக்கு பாக்ஸ் அவுட் (எதிராளியை முதுகால மறிச்சு, திரும்பி வர்ற பந்துக்கு இடம் பிடிக்கது) வராது. ஷாட் போனதும் அம்புட்டுப் பேரும் அண்ணாந்து பந்தையே பாத்துக்கிட்டு நிப்பானுவ. மேன் டு மேன்ல அவனவனுக்கு ஒரு ஆளு உண்டு. முதல்ல அவன் மேல முழங்கையை மடக்கி லேசா இடி, முதுகு அவன் நெஞ்சுல படும்படி திரும்பு, ரெண்டு எண்ணு, அதுக்கு அப்புறம்தான் பந்து.

நம்ம பக்கம் கபடி ஆடுத பையல் நிறைய வருவான். அவனுக்கு டிஃபென்ஸ் நிலையைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். முட்டி மடக்கி, பாதத்தோட முன்பக்கத்துல நின்னு, பக்கவாட்டுல நகருவான். ஆனா கை சும்மா இருக்காது, பிடிச்சிருவான். ஆட்டத்தோட ஒரு கால் பகுதியில (குவார்ட்டர்) அணிக்கு நாலு ஃபவுல் ஆயிட்டுன்னா அடுத்த ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரிக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. அஞ்சு தனி ஃபவுல் ஆனா ஆளு வெளிய. அதனால டிஃபென்ஸ் ஸ்லைடுக்கு, அதாவது அந்தப் பக்கவாட்டு நகர்வுக்கு, ரெண்டு கையிலயும் பழைய டென்னிஸ் பந்தைக் கொடுத்து ஆட விடுங்க. கை மூடியே இருக்கும், காலாலதான் மறிக்கணும். ஒரு மாசத்துல குணம் மாறும்.

ரிங்_அளவு:

சின்ன விஷயம், ஆனா முதல்ல பாருங்க. டேப் வெச்சு ரிங்கின் மேல்விளிம்பை அளந்தீங்களா? 3.05 மீட்டர் இருக்கணும். பையன்கள் தொங்கித் தொங்கி முன்பக்கம் சாய்ஞ்சிருந்தா பழக்கின ஷாட் எல்லாம் வேற கோர்ட்டில் முன்விளிம்பில் இடிக்கும். கீழ் போல்ட்டில், ரிங் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே வாஷர் கொடுத்து நிமிர்த்தலாம். ஃப்ரீ த்ரோ கோடு பலகையின் முகத்திலிருந்து 4.6 மீட்டர். பழைய கோர்ட்டுகளில் மூணு புள்ளிக் கோடு 6.25லேயே கிடக்கும். இப்போ 6.75. அழிச்சு வரையுங்க.

சிமென்ட்டுக்கு ரப்பர் பந்துதான். தோல் பந்து ஒரே பருவத்தில் மொட்டையாயிடும். 1.8 மீட்டரிலிருந்து விட்டா பந்தின் மேல்பக்கம் ஏறக்குறைய 1.3 மீட்டருக்கு எழும்பணும். வெயிலில் கிடந்த பந்து இதைவிடத் துள்ளும், அதை வெச்சு ட்ரிபிள் பழகாதீங்க. காத்தடிக்கும்போது ஊசியை நனைக்காம குத்தினா வால்வு கிழியும். உங்க மூணு பந்து செத்தது அப்படித்தான் இருக்கும்.

சிமென்ட்கோர்ட்:

ரிங் அளந்தேன், 2.98. போர்டுக்கு ஆள் சொல்லியாச்சு. ரெண்டு சந்தேகம். இடது கை லே-அப் ஒருத்தனுக்கும் வரலை. அப்புறம், ஒரே நாளில் மூணு ஆட்டம் வந்தா மேன் டு மேன் ஆட மூச்சு இருக்குமா?

கீழ_ஆம்பூர்_ரீபவுண்ட்:

மூச்சு விஷயத்தில் விசில்காரன் அண்ணாச்சியோட எனக்குக் கொஞ்சம் வேறுபாடு. ஸோனை அறவே தள்ளாதீங்க. தினமும் மேன் டு மேன் பழக்குங்க. போட்டிக்கு மூணு வாரம் முன்னால ஸோனைச் சேர்த்து, ரெண்டாவது ஆட்டத்தின் நடுவில் கால் வலுவை மிச்சம் பிடிக்க மட்டும் வெச்சுக்கோங்க. ஆடி மாசம் மேல்காத்து நம்ம பக்கம் எப்படி அடிக்கும்னு தெரியும். அன்னைக்கு எதிரணியின் தூர ஷாட்டை ஸோன் வேண்டாம், காத்தே பார்த்துக்கும். உங்க பையன்களுக்கும் அதே கதிதான், அதனால பலகையில் அடிச்சுப் போடுற கிட்ட ஷாட்டை நிறையப் பழக்குங்க.

மூச்சை விடப் பெரிய ஓட்டை உங்க பட்டியலில் இருக்கு. 22 பேரும் 8 முதல் 11 வரை. அடுத்த போட்டி வரும்போது 9ல் இருக்கிறவன் 10க்குப் போயிருப்பான், ஸ்பெஷல் கிளாஸ் அவனை இழுத்துக்கும். 11ல் இருக்கிறவன் 12. இப்போ 8ல் இருக்கிறவன் 14 வயதுப் பிரிவைத் தாண்டியிருப்பான். எல்லார் பிறந்த தேதியையும் இன்னைக்கே ஒரு தாளில் எழுதிப் பாருங்க, 14, 17, 19 பிரிவுகளில் எத்தனை பேர் மிஞ்சுறான்னு தெரியும். 6, 7ல் இருந்து 15 பேரையாவது எடுங்க. உயரத்தை மட்டும் பார்த்து எடுக்காதீங்க. கை நீளம், பாதத்தின் வேகம், வாரத்தில் எத்தனை நாள் வர்றான், இந்த மூணும் போதும். அவங்களுக்கு 7ஆம் எண், அதாவது பெரியவங்க ஆடுற பந்தைக் கொடுத்தா ரெண்டு கையால இடுப்பிலிருந்து தூக்கி எறியப் பழகிடுவாங்க, பிறகு அந்த ஷாட்டை மாத்த ரெண்டு வருஷம் ஆகும். 5 இல்லேன்னா 6ஆம் எண் பந்து வாங்குங்க. இவங்களுக்குக் காலையில் 7.30 முதல் 8.30, பஸ் தொல்லை இல்லாத உள்ளூர்ப் பிள்ளைகள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கோர்ட் போச்சுன்னா வராண்டா சுவரில் பாஸ், பிவட், ஃபுட்வொர்க். பாசி பிடிச்ச சிமென்ட்டில் ஓட விடாதீங்க, கணுக்கால் போயிடும்.

தாமிரபரணி_போஸ்ட்:

இடது கை லே-அப் வரலைன்னா பெரும்பாலும் கால் தப்பு, கை இல்லை. பின்னாலிருந்து முன்னால கட்டுங்க. முதல் வாரம் ட்ரிபிள் கிடையாது. ரிங்கின் இடது பக்கம், பலகைக்கு 45 பாகையில் நிறுத்தி, வலது காலில் ஒரே எம்பு, இடது முட்டி மேலே, பந்து இடது கையில். ஒரே கயிறு முட்டியையும் முழங்கையையும் சேர்த்துத் தூக்குற மாதிரி. பலகையில் இருக்கிற சின்னக் கட்டத்தின் இடது மேல்மூலையில் பந்து படணும். ரெண்டாவது வாரம் ரெண்டு அடி: இடது, வலது, எம்பு. தரையில் சாக்பீஸால் இடது காலுக்குக் கட்டம், வலது காலுக்கு வட்டம். கடைசி வட்டம் ரிங்குக்கு ஒரு மீட்டர் முன்னால. அதைத் தாண்டி உள்ளே போனா பந்து ரிங்கின் அடியில் இடிக்கும். மூணாவது வாரம்தான் ஒரே ஒரு ட்ரிபிள். வேகமா ஓடி வரச் சொல்றது கடைசி.

22 பேரை ஒரே வரிசையில் நிறுத்தாதீங்க, பத்து நிமிஷத்தில் ஆளுக்கு எட்டு பத்து தடவைதான் கிடைக்கும். போர்டுக்கு ஏழு பேர், ரெண்டு பந்து. மிச்சம் எட்டுப் பேர் நடுவில் விசில்காரன் சொன்ன டென்னிஸ் பந்து ஸ்லைட். நாலு நிமிஷத்துக்கு ஒரு மாத்தம்.

உங்க 80 நிமிஷத்துக்கு: 8 வார்ம் அப், 12 லே-அப், 10 பிரஸ் உடைப்பு, 15 நாலுக்கு நாலு டிஃபென்ஸ், அதில் ஒவ்வொரு ஷாட்டும் பாக்ஸ் அவுட்டோட முடியணும். 3 தண்ணி. 22 ஆட்டம், ஸ்கோர் வெச்சு, பறிகொடுத்தா மைனஸ் ஒண்ணு. 10 ஃப்ரீ த்ரோ: ஒரு கோர்ட் நீளம் ஓடி வந்து ரெண்டே ரெண்டு, மறுபடி ஓட்டம். நின்ன இடத்தில் இருபது போடுறது ஆட்டத்தில் வராது. 5.40க்கு விசில். பஸ் தப்பின பையனை மறுநாள் வீட்டில் விட மாட்டாங்க.