பதினொண்ணாவதுல ஜியாக்ரஃபி எடுத்திருக்கேன், மனப்பாடம் வேலைக்கு ஆகல, எப்படி படிக்கறது?

நீலக்கோளம்:
எல்லாருக்கும் வணக்கம். பத்தாவது வரைக்கும் ஜியாக்ரஃபின்னா எனக்கு அல்வா மாதிரி, எந்த நதி எங்க ஓடுது, எந்த மண்ணுல என்ன விளையும், நாலு தடவை வாசிச்சா நின்னுடும். அந்த தைரியத்துல தனிப் பாடமா எடுத்தேன், இப்போ கேள்வியே வேற மாதிரி வருது. மேப்பை குடுத்து ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறுக்கு வெட்டு, அதாவது நிலம் எப்படி ஏறி இறங்குதுன்னு பக்கவாட்டுப் படம், வரைன்றாங்க, ஊர் பேர் போடாத க்ளைமேட் கிராஃபை (மாசா மாசம் வெப்பம் கோடா, மழை கட்டமா போட்ட படம்) குடுத்து இது எந்த மாதிரி இடம், ஏன்னு கேக்கறாங்க. தென் அமெரிக்காவோட அட்டகாமா ஏன் பாலைவனம் ஆச்சுன்னு பாயின்ட் பாயின்ட்டா படிச்சுட்டுப் போனா டெஸ்ட்ல ஆப்பிரிக்காவோட நமீப் பாலைவனம் பத்தி கேட்டிருந்தாங்க, பேனாவை மூடிட்டு உக்காந்திருந்தேன். வீட்ல வேற இதைப் படிச்சு என்னடா ஆகப் போறன்னு ஒரே பாட்டு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சாக்பீஸ்தூள்:
தம்பி, நான் இந்தப் பாடம்தான் எடுக்கறேன், வருஷா வருஷம் பாதி கிளாஸ் இந்த இடத்துலதான் முட்டிக்கிட்டு நிக்கும். நீ அட்டகாமாவை படிச்சிருக்க, ஆனா அது ஏன் அங்க இருக்குன்னு படிக்கல. அட்லஸை எடுத்து 20 டிகிரியிலேருந்து 30 டிகிரி அட்சரேகைக்குள்ள கண்டங்களோட மேற்குக் கரையை மட்டும் பாரு. அட்டகாமா, நமீப், சஹாராவோட மேற்கு ஓரம், பாஹா கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியாவோட மேற்குப் பக்கம், எல்லாமே வறண்ட இடம். பூமத்திய ரேகைகிட்ட மேல போன காத்து இந்தப் பகுதியிலதான் கீழ இறங்குது, இறங்குற காத்து சூடாகும், மேகம் கட்டாது. வியாபாரக் காத்து (வருஷம் பூரா பூமத்திய ரேகையை நோக்கி வீசுற ட்ரேட் விண்ட்) கிழக்கேருந்து நிலத்தைத் தாண்டி வர்றதால ஈரமும் இல்ல. போதாததுக்கு கரையை ஒட்டி குளிர் நீரோட்டம், தென் அமெரிக்கா பக்கம் ஹம்போல்ட், நமீப் பக்கம் பெங்குவேலா. அது கடல் மேல இருக்கற காத்தை அடியில குளிர வச்சுடும், குளிர்ந்த காத்து மேல எழும்பாது, அதனால மூடுபனி வரும், மழை வராது. அட்டகாமாவுக்கு கூடுதலா ஆண்டிஸ் மலை கிழக்கு ஈரத்தை மறிச்சுடுது. இந்த காரணச் சங்கிலி பிடிபட்டா பேர் தெரியாத பாலைவனத்தைக் கேட்டாலும் எழுதலாம்.

க்ளைமேட் கிராஃபும் இதே கதைதான். முதல்ல வெப்பக் கோட்டைப் பாரு, மழையைப் பாக்காத. ஜூலைல கோடு இறங்குச்சுன்னா தென் அரைக்கோளம். வருஷம் பூரா கோடு படுத்தே கெடந்தா பெரும்பாலும் பூமத்திய ரேகைகிட்ட. பெர்த், கேப் டவுன் கிராஃப்ல ஜூன் ஜூலைல மழை தூக்கலா இருக்கும், உடனே பருவமழைன்னு எழுதிட்டு வர்றவங்கதான் அதிகம். அந்த ஊர்ல அது குளிர்காலம், கோடை வறட்சி குளிர்கால மழைன்னா மத்தியதரைக்கடல் வகை. நாலு மார்க் அங்கேயே போகும்.

ஒத்தையடிப்பாதை:
காலேஜ்ல ஜியாக்ரஃபி படிக்கறேன். சாக்பீஸ்தூள் மேடம் சொன்னதுக்கு மேல குறுக்கு வெட்டு பத்தி மட்டும் சொல்றேன். சம உயரக் கோடு (மேப்ல ஒரே உயரத்துல இருக்கற இடங்களை இணைக்கற கோடு) புரியலன்னா கையை முஷ்டி மடக்கி விரல் முட்டி மேல பேனாவால வட்டம் வட்டமா போடு, ஒவ்வொரு வட்டமும் ஒரே உயரத்துல சுத்தி வரணும். அப்புறம் கையை விரிச்சுப் பாரு, சரிவு செங்குத்தா இருந்த பக்கம் கோடுங்க நெருங்கி இருக்கும், முட்டிக்கு நடுவுல பள்ளம் எப்படி தெரியுதுன்னும் பிடிபடும். மேப்ல கோடு கூர்மையா வளைஞ்சு அந்த முனை உயரமான பக்கம் பாத்தா பள்ளத்தாக்கு, தாழ்வான பக்கம் பாத்தா மலை நீட்டம்.

வரையும்போது ஒரு பேப்பர் துண்டோட ஓரத்தை ரெண்டு புள்ளிக்கும் வச்சு, கோடு வெட்டுற ஒவ்வொரு இடத்தையும் உயரத்தோட குறிச்சுக்கோ, அதை அப்படியே கிராஃப் பேப்பர் அடியில வச்சு ஒவ்வொரு குறியையும் அதோட உயரத்துக்கு நேரா மேல ஏத்திப் புள்ளி வை. ஸ்கேல் வச்சு நேர் கோடா இணைக்காத, வளைவா இணை, உச்சியைத் தட்டையா விடாத.

கடுகு:
காரணம் காரணம்னு எல்லாரும் அழகா சொல்றீங்க, ஆனா மனப்பாடமே வேண்டாம்னு தம்பி நினைச்சுக்கப் போறான். பெங்குவேலா எந்தக் கரைன்னு தெரியாம எந்தக் காரணத்தை எழுதறது? வெறும் அவுட்லைன் மேப்ல தினம் கொஞ்சம் கொஞ்சமா நீரோட்டம், மலை, கடல்னு கையால குறிச்சாதான் நிக்கும், பாத்துட்டே இருந்தா நிக்காது. கேஸ் ஸ்டடியும் நெறைய சேக்காத, ஒண்ணை எடுத்து ஆழமா போ. மத்திய ஆசியாவுல இருக்கற ஏரல் கடலையே எடுத்துக்கோ, பேர்தான் கடல், நிஜத்துல ஏரி. 1960லேருந்து அதுல வந்து விழற ஆமு தார்யா, சிர் தார்யா நதிங்க தண்ணியைப் பருத்திக்கு திருப்பினாங்க, ஏரி சுருங்குச்சு, உப்புத் தூசி பறந்துச்சு, மீன்பிடி போச்சு. 2005ல கோக்கரால் அணை கட்டி வடக்குப் பகுதியை மட்டும் கொஞ்சம் மீட்டாங்க, தெக்குப் பக்கம் பெரும்பாலும் காஞ்சே போச்சு. பாசனம், சுற்றுச்சூழல், பொருளாதாரம், நாடுகளுக்கு நடுவுல தண்ணிப் பங்கீடு, எதைக் கேட்டாலும் இந்த ஒண்ணை வச்சு எழுதலாம்.

நீலக்கோளம்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், முஷ்டில வரைஞ்சு பாத்தேன், நிஜமாவே தெரியுது! ஒரு டவுட், குறுக்கு வெட்டு வரைஞ்சா மலை ரொம்ப ஊசியா வருதே, தப்பா?

ஒத்தையடிப்பாதை:
தப்பில்ல. மேப் 1:50,000ன்னா 1 செ.மீ. 500 மீட்டர். நீ உயரத்துக்கு 1 செ.மீ. 50 மீட்டர்னு வச்சிருப்ப, அப்போ உயரம் 10 மடங்கு இழுத்துக் காட்டும். அந்த 10 மடங்குன்றதை படத்துக்குக் கீழ எழுது.

வேலை பத்தி யாரும் சொல்லல. ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப்பும் தகவலும் சேர்த்து அலசறது), ரிமோட் சென்சிங் (சாட்டிலைட் படத்தை வச்சு நிலத்தை ஆராயறது), நகரத் திட்டமிடல், நீர்வளம், பேரிடர் மேலாண்மைன்னு வழி இருக்கு, ஆனா வானிலை ஆய்வுப் பக்கம் போகணும்னா மேத்ஸ், பிசிக்ஸ் பெரும்பாலும் கேப்பாங்க, வெறும் ஜியாக்ரஃபியை நம்பிப் போய் நிக்காத, சேர்க்கை நிபந்தனையை இப்பவே பாத்துடு. ஜிஐஎஸ் வேலைக்கான கியூஜிஐஎஸ் ஃப்ரீ சாஃப்ட்வேர்தான், லீவுல போட்டுப் பாரு.

நீலக்கோளம்:
பழைய லேப்டாப்ல ஓடுமா அண்ணா?

ஒத்தையடிப்பாதை:
சின்ன மேப்னா ஓடும். பெரிய சாட்டிலைட் படத்தை ஏத்தினா தொங்கிடும், அப்பப்போ சேவ் பண்ணிக்கோ.