கிரியேட்டினின் நார்மல், ஆல்புமின் மட்டும் 84: மெட்டபொலைட் டெஸ்ட் எடுக்கலாமா?

மழைக்காகம்:
அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை வந்து 11 வருடம். போன வார ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 1.1, நார்மல் என்றே போட்டிருக்கிறது (ஐந்து வருடம் முன்பு 0.8, அதுவும் நார்மல்தான்). ஆனால் ஆல்புமின் என்ற புரதம் யூரினில் கசிகிறதா என்று பார்க்கும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், அதாவது ஏ.சி.ஆர்., 84 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. "கிட்னி நார்மல்னு போட்டிருக்கான், விடு" என்கிறார் அப்பா. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மெட்டபொலைட்டுகளை (உடம்பின் வேதிமாற்றத்தில் உண்டாகும் சிறு மூலக்கூறுகளை) அளந்தால் கிட்னி கெடுவதைப் பல வருடம் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று எங்கோ படித்தேன். அலைந்து தேடியாவது அதை எடுத்துவிடலாமா? ரெண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த கையோடு கொடுத்த யூரின் இது, அது முக்கியமா தெரியவில்லை.

எட்டாம்படி:
காய்ச்சல் முக்கியம்தான். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்ஷன், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருப்பது, இதில் எது இருந்தாலும் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடும். அதனால் ஒரு 84-ஐ வைத்து முடிவுகட்டக் கூடாது. உடம்பு தேறியதும் காலை முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்கும் மூன்றில் இரண்டு 30-க்கு மேல் வந்தால்தான் உறுதி. 30-இலிருந்து 300 வரை ஆரம்பக் கசிவு, அதற்கு மேல் என்றால் நிலைமை வேறு.

ஆனால் என்னை உறுத்துவது 84 அல்ல, அந்த 0.8-உம் 1.1-உம். 2021-இல் வந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: 53 வயதில் 0.8 என்றால் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது கிட்னி வடிகட்டும் திறன், கிட்டத்தட்ட 106, 58 வயதில் 1.1 என்றால் 78. இரண்டு ரிப்போர்ட்டிலும் "நார்மல்", நடுவில் வடிகட்டும் திறனில் கால்வாசிக்கு மேல் காணோம்! காய்ச்சலில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் 1.1 வந்திருக்கலாம், புதிதாக ஆரம்பித்த பிரஷர் மாத்திரை கூடக் கொஞ்சம் ஏற்றும். ஆனால் மறுபடி எடுத்தும் அப்படியே நின்றால் டாக்டரிடம் பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து நீட்டுங்கள், புதியதை மட்டும் காட்டினால் இது யார் கண்ணிலும் படாது.

குழாய்மணி:
மெட்டபொலைட் பற்றி: நான் இந்த மாதிரி ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறேன். விஷயம் பொய்யில்லை. கிட்னியின் நுண்குழாய் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், சர்க்கரையில் அது சோர்ந்துபோனால் சிட்ரிக் அமிலம் மாதிரியானவை சிறுநீரில் குறையும். 2013-இல் ஒரு ஆய்வில் இப்படி 13 பொருட்கள் குறைந்திருப்பதைப் பார்த்தார்கள், 2023-இல் சிறுநீரில் அடினின் கூடுவது பின்னால் வரப்போகும் பாதிப்பைக் காட்டுகிறது என்று இன்னொன்று வந்தது. குடல் பாக்டீரியா வழியாக வரும் இண்டாக்ஸில் சல்ஃபேட் ரத்தத்தில் தேங்குவதும் உண்டு. ஆனால் கிட்னி கெட்டதால் அது தேங்கியதா, அது தேங்கியதால் கிட்னி கெட்டதா என்று பிரிப்பதற்குள் எங்களுக்கே தலை சுற்றும்.

சிக்கல் வேறு இடத்தில். மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி வேண்டும், முந்தைய நாள் சாப்பாடும் மாத்திரையும் அளவை மாற்றும், 30, 300 மாதிரி எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் கிடையாது. எண் வந்தாலும் அதை வைத்து டாக்டர் என்ன செய்வார்? மெட்டபொலைட் அல்ல, பெப்டைடு (புரதத் துணுக்கு) வகையில், சிகேடி273 என்ற யூரின் டெஸ்ட்டை ப்ரையாரிட்டி என்ற பெரிய சோதனையில் போட்டுப் பார்த்தார்கள், 2020-இல் முடிவு வந்தது. யாருக்குக் கசியப்போகிறது என்பதை அது நன்றாகவே காட்டியது. ஆனால் அவர்களுக்கு முன்கூட்டியே ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை கொடுத்ததில் கசிவு நிற்கவில்லை. பணத்தைச் சேமியுங்கள். அப்பா ஒல்லியான ஆள் என்றால் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு கிட்னி ரத்தப் பரிசோதனையை ஒருமுறை கேளுங்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, தசை குறைந்தவருக்கு அது அழகாகப் பொய் சொல்லும்.

வடக்குவாசல்:
என் கதையையும் கேளுங்கள். ஆறு வருடம் சாதாரண யூரின் டெஸ்டில் "புரோட்டீன்: இல்லை" என்றே வந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். அந்தப் பட்டைக் காகிதத்துக்குச் சின்னக் கசிவு தெரியவே தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. ஏ.சி.ஆர். முதல்முறை எடுத்தபோது 210. டைப் 2 என்றால் சர்க்கரை என்று தெரிந்த அன்றே தொடங்கி வருடம் ஒருமுறை எடுத்திருக்க வேண்டுமாம். இப்போது சர்க்கரையை யூரின் வழியாக வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி.2 வகை மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. ஆரம்பித்த சில வாரத்தில் இ.ஜி.எஃப்.ஆர். லேசாக இறங்கியதும் பயந்து நிறுத்தப் பார்த்தேன், அது எதிர்பார்த்ததுதான் என்று டாக்டர் அதட்டினார். இறங்கிய இடத்திலேயே நிற்கிறது.

மழைக்காகம்:
எல்லோருக்கும் நன்றி. 106, 78 இரண்டையும் ஒரு தாளில் எழுதி அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் பார்த்துவிட்டு "எப்போ போகணும்?" என்றார். அப்புறம் இன்னொன்று, முழங்கால் வலிக்கு அவராகவே வாங்கி வலி மாத்திரை போடுவார், வாரத்தில் நாலைந்து நாள். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

எட்டாம்படி:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டாமா! இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை என்றால் இன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அந்த 1.1-க்கு அதுவே பாதிக் காரணமாக இருந்தாலும் இருக்கும்.