உகேமிக்குத் தமிழில் 'தாங்குவிழுகை': என் பரிந்துரையும் காரணங்களும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியத் தொழில்முறை மல்லர் மிட்சுஹாரு மிசாவா பற்றி நான் எழுதும் கட்டுரைக்காக, 'உகேமி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு (எறியப்படுபவர் முறையாக விழும் திறன்) தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தேன். அதற்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: வீழ்கலை, விழுகாப்பு, தற்காப்பு வீழ்கை, அப்புறம் 'உகேமி' என்றே வைத்துவிடலாம் என்பது. எல்லாருக்கும் நன்றி. நான்கையும் கட்டுரையின் வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் சரியாக உட்காரவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்தச் சொல் அமையாவிட்டால் 1981 முதல் 2009 வரை 28 ஆண்டுகள் அந்த மனிதர் ரிங்கில் என்ன செய்தார் என்பதைத் தமிழில் சொல்லவே முடியாது.

முதலில் உகேமி என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் சில மடல்களில் அது 'அடிபடாமல் தப்பிப்பது' என்ற பொருளில் வந்திருக்கிறது. எதிராளி உங்களைத் தூக்கி மல்லாக்க எறிகிறார் என்று வையுங்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், பின்மண்டை தரையில் படக் கூடாது. மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பட வேண்டும். அதே நொடியில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைந்து மூச்சை வெளியே விட வேண்டும். அப்படிச் செய்தால் விழுந்த வேகம் ஓரிடத்தில் இறங்காமல் பரவிப் போய்விடும். பயத்தில் முழங்கையையோ மணிக்கட்டையோ ஊன்றினால் போச்சு, எலும்பு முறியும். ஜூடோவில் முதல் பாடமே இதுதான். ஜப்பானிய மற்போர்க் கூடங்களில் புதிதாகச் சேரும் பையன்களும் எதிராளியை எறியக் கற்பதற்கு முன்னால் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அமெரிக்க மல்லர்கள் 'பம்ப்' என்பதும் ஏறக்குறைய இதையே.

ஆனால் ஜூடோவுக்கும் தொழில்முறை மற்போருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஜூடோவில் முதுகு சரியாகத் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. மற்போரில் அங்கேதான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. எறியப்பட்டவர் அந்த எறியின் முழு வலுவையும் உடம்பில் வாங்கிக் காட்டி, அப்புறம் எழ வேண்டும். எறிந்தவரின் பெயர் நிலைப்பதும் விழுபவர் எப்படி விழுகிறார் என்பதைப் பொறுத்தது. ஒதுங்குகிறவர் நல்ல மல்லர் இல்லை. அதனால்தான் 'காப்பு', 'தற்காப்பு' இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அவை ஒதுங்குவதையும் தடுப்பதையும் சொல்லும் சொற்கள்.

மிசாவாவின் வாழ்க்கையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1962இல் ஹொக்கைடோவின் நிலக்கரிச் சுரங்க ஊரான யூபாரியில் பிறந்தவர். பள்ளியில் மல்யுத்தம் பழகி, 1981இல் மல்லர் ஜயன்ட் பாபா நடத்திய ஆல் ஜப்பான் என்ற மற்போர் நிறுவனத்தில் சேர்ந்து அதே ஆகஸ்டில் அரங்கேறினார். 1984இல் அவருக்குப் புலி முகமூடி போட்டு 'டைகர் மாஸ்க்' ஆக்கினார்கள். அந்தப் பெயரில் அவர் இரண்டாமவர். பறந்து பறந்து ஆடிய காலம் அது. 1990இல் அங்கே முன்னணி மல்லராக இருந்த தென்ரியூ வேறு நிறுவனத்துக்குப் போனதும் ஆல் ஜப்பான் ஆட்டம் கண்டது. அந்த மே மாதம் ஓர் ஆட்டத்தின் நடுவிலேயே மிசாவா தன் முகமூடியைக் கழற்றச் செய்தார். மூன்றரை வாரம் கழித்து ஜூன் 8 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில், அசைக்க முடியாதவர் என்று எண்ணப்பட்ட ஜம்போ ட்சுருட்டாவை வென்றார். 1992 ஆகஸ்டில் ஸ்டான் ஹான்சனிடமிருந்து ஆல் ஜப்பானின் தலையாய பட்டமான முக்கிரீடத்தை (டிரிபிள் கிரவுன்) கைப்பற்றி 1994 ஜூலை வரை, கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள், தன்னிடமே வைத்திருந்தார். ('முக்கிரீடம்' குறித்து யாருக்கும் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.)

நம் சொல்லுக்கு முக்கியமான காலம் இதுதான். மிசாவா, கவாடா, கோபாஷி, தாவுவே நால்வரையும் ஜப்பானியர் 'ஷிதென்னோ' என்பார்கள். பௌத்தத்தில் நான்கு திசைகளைக் காக்கும் அரசர்களின் பெயர் அது. இவர்கள் நால்வரும் ஒருவரையொருவர் கழுத்தும் தோளும் தரையில் மோதும்படி எறிந்தார்கள். அதைத் தாங்குகிற பயிற்சி எதிராளிக்கு உண்டு என்ற நம்பிக்கையில்தான் எறிந்தார்கள். மிசாவாவுடைய 'டைகர் டிரைவர் 91' என்ற பிடியைப் பாருங்கள். எதிராளியைக் குனியவைத்து, அவருடைய இரண்டு கைகளையும் பின்பக்கமாகக் கோத்துப் பூட்டித் தூக்கி, பூட்டை விடாமலே தலையும் கழுத்தும் தரையில் படும்படி இறக்குவது. கை பூட்டிக் கிடப்பதால் தரையை அறைய வழியே இல்லை. உகேமியின் பாதியைப் பிடுங்கிவிட்டு எறிகிற எறி அது. மிசாவா அதை மிக அரிதாகவே பயன்படுத்தினார். 1994 ஜூன் 3 அன்று கவாடாவுக்கு எதிராக அதைப் போட்டபோது புடோகானே அதிர்ந்தது. இன்றைக்கும் உலகின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்தப் பத்தியை 'தற்காப்பு வீழ்கை' போட்டு எழுதிப் பாருங்கள். "கவாடாவால் தற்காப்பு வீழ்கை செய்ய இயலவில்லை" என்று வரும். அறிக்கை படிப்பதுபோல இருக்கிறது. 'உகேமி' என்றே வைத்தாலும் "உகேமி செய்தார்", "உகேமி எடுத்தார்" என்று ஒரு துணைவினையைத் தேட வேண்டியிருக்கும். ஜூடோ, கராத்தே, சுமோ எல்லாம் விளையாட்டின் பெயர்கள், அப்படியே இருக்கட்டும். இது ஒரு செயல். செயலுக்கு வினைச்சொல் வேண்டும், அது காலம் காட்ட வேண்டும், எச்சமாக வேண்டும்.

'வீழ்கலை' தந்த ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், ஓசையில் அதுதான் நான்கிலும் அழகு. ஆனால் விழு வேறு, வீழ் வேறு. படியில் விழுந்தான் என்போம். போரில் வீழ்ந்தான் என்றால் இறந்தான் என்று பொருள். மிசாவா கட்டுரையில் இது வெறும் இலக்கணப் பேச்சு இல்லை. பாபா 1999இல் இறந்த பிறகு மிசாவா ஆல் ஜப்பானின் தலைவரானார். உரிமையாளர் தரப்போடு ஒத்துப்போகாமல் 2000இல் ஜப்பானிய மல்லர்களில் கவாடா, ஃபுச்சி தவிர ஏறக்குறைய எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி 'நோவா' நிறுவனத்தைத் தொடங்கினார். 2003 மார்ச் 1 அன்று கோபாஷியை நுழைவு மேடையிலிருந்து கீழே தரைக்கு, கைகளைப் பூட்டியபடியே எறிந்தார். கோபாஷி எழுந்துவந்து அந்த ஆட்டத்தை வென்று பட்டத்தை எடுத்தார். தலைவராக இருந்தபடியே, கழுத்து தேய்ந்துபோன நிலையிலும், மிசாவா தொடர்ந்து ஆடினார். 2009 ஜூன் 13, ஹிரோஷிமா. இணையர் பட்டத்துக்கான ஆட்டத்தில் எதிரணியின் அகிதோஷி சைட்டோ பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கி 'பேக் டிராப்' போட்டார். அந்த வாழ்க்கையில் அதைப்போல எத்தனையோ எறிகளை வாங்கியவர் அன்று எழவில்லை. கழுத்துத் தண்டுவடம் அறுபட்டு அன்றிரவே இறந்தார். 47ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருந்தது. இப்படிப்பட்டவர் கட்டுரையில் "மிசாவாவின் வீழ்கலை" என்று ஒரு தலைப்பை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். உகேமியில் 'உகே' என்பது வாங்குதல், ஏற்றல். 'மி' உடம்பு. தமிழிலும் அடியை 'வாங்க'த்தான் செய்கிறோம், அதனால் 'அடிவாங்கல்' முதலில் தோன்றியது. ஆனால் அடி வாங்கினான் என்றால் நம் காதுக்குத் தோற்றான் என்று கேட்கிறது. 'ஏற்று' என்று தொடங்கினால் மேலே ஏற்றுவதோடு குழம்பும். 'தாங்கு' அப்படியில்லை. அடி தாங்குவான் என்றால் அது பலம். இடிதாங்கியை நினைத்துப் பாருங்கள். அது இடியைத் தடுப்பதில்லை, தானே வாங்கி, கட்டடத்துக்குச் சேதமில்லாமல் தரைக்குள் அனுப்புகிறது. மல்லர் முதுகு செய்யும் வேலையும் அதுதான். ஆகவே வினை 'தாங்கி விழு', பெயர் 'தாங்குவிழுகை'. 'தாங்குவிழல்' சின்னதாக இருக்குமே என்று கேட்பீர்கள். விழலுக்கு இறைத்த நீர் நினைவுக்கு வரும், வேண்டாம்.

"தாங்கி விழத் தெரிந்தவர்", "கவாடாவால் தாங்கி விழ முடியவில்லை", "தாங்குவிழுகையில் மிசாவாவை மிஞ்ச ஆளில்லை". மூன்றும் தடையில்லாமல் வருகின்றன.

இன்னொரு வசதி, ஜூடோவில் உகேமியின் வகைகளுக்குத் தமிழில் சொற்கள் தயாராகவே இருக்கின்றன. பின்பக்கமாக விழுவது மல்லாந்த தாங்குவிழுகை, பக்கவாட்டில் ஒருக்களித்த தாங்குவிழுகை, முன்பக்கமாகக் குப்புற, உருண்டு எழுவதற்குக் கரணத் தாங்குவிழுகை. ஜப்பானில் 2012 முதல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடம். ஜூடோவில் தலையில் அடிபடும் பிள்ளைகளைப் பற்றிய கவலையில் அங்கே உகேமிதான் பெரிய பேச்சாக இருந்தது. ஆகவே மற்போர்க் கட்டுரைக்கு மட்டும் பொருந்தும் சொல்லாக இருந்தால் போதாது, உடற்கல்விப் புத்தகத்திலும் நிற்க வேண்டும். இது நிற்கும் என்று நம்புகிறேன்.

"அவர் தாங்காமல்தானே இறந்தார், அப்புறம் எப்படி 'தாங்கு'?" என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சொல் குறிப்பது அவர் பழகிய திறனை, ஒரு நாளின் முடிவை இல்லை. நீந்தத் தெரிந்தவர் ஆற்றில் போனாலும் அவர் பழகியதை நீச்சல் என்றுதான் சொல்கிறோம்.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் கட்டுரையில் இதையே போடுகிறேன். அடுத்து எறிபவருக்கும் விழுபவருக்கும் சொல் வேண்டும், ஜூடோவில் 'தோரி', 'உகே' என்பார்கள். 'எறிநர்', 'தாங்குநர்' என்று யோசித்திருக்கிறேன், ஆனால் 'எறிநர்' ஈட்டி எறிபவர்போல ஒலிக்கிறது. யாராவது இதைவிட நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

அன்புடன்.