தாலி கட்டும் நேரத்துக்கு எந்த லென்ஸ்: 85 மி.மீ. பிரைமா, 17–50 ஜூமா?

அரசலாற்றங்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். வார நாள்களில் அலுவலக வேலை. முகூர்த்த நாள்களில் எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்றுக்கு இரண்டாம் கேமராவாகப் போய்வருவது இரண்டு ஆண்டுப் பழக்கம். வருகிற தை மாதத்தில் ஒன்றுவிட்ட அக்காள் மகளுக்குத் திருமணம். முதல் முறையாக முழுத் திருமணத்தையும் என்னிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். கையில் இருப்பவை நிக்கான் டி7200, அதனோடு வாங்கிய 18–140 கிட் லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8ஜி, ஒரு ஃபிளாஷ். இன்னும் ஒரே ஒரு லென்ஸ் வாங்கும் அளவுக்குத்தான் பணம் சேர்ந்திருக்கிறது.

கடந்த ஆவணியில் நடந்த ஒரு திருமணத்தில் மேடைக்குக் கீழே, நாற்காலி வரிசைகளுக்கு முன்னால் நின்றிருந்தேன். விடியற்காலை ஐந்தேகால் மணி. கெட்டி மேளம் முழங்கியபோது கிட் லென்ஸை 100 மி.மீ. அளவுக்கு இழுத்திருந்ததால் அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறையக் குறைய அகலம் கூடும்) எஃப் 5.6-ஐ விட அகலமாகத் திறக்கவில்லை. ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400, ஷட்டர் 1/60 நொடி. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், மணப்பெண்ணின் முகம் ஓரளவு தேறியிருந்தது. மாப்பிள்ளையின் விரல்களும் மஞ்சள் கயிறும் சேர்ந்து ஒரு மஞ்சள் கீற்றாக இழுபட்டிருந்தன. அன்றிலிருந்து 85 மி.மீ. எஃப் 1.8ஜி பிரைம் (ஜூம் செய்ய முடியாத) லென்ஸ் மேல் ஆசை. முகங்களும் அதில் அழகாக வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்டுடியோவில் உடன் வேலை செய்யும் நண்பரோ, 17–50 எஃப் 2.8 ஜூம் ஒன்றை வாங்கினால் போதும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பழைய லேப்காரர் மறுமொழி:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. ஆவணியில் நீங்கள் மேடைக்குக் கீழே நின்றீர்கள். தையில் மேடைமேல் நிற்கப்போகிறீர்கள். இரண்டாம் கேமராக்காரருக்கு எட்டாத தூரம்தான் கவலை. முதல் கேமராக்காரருக்கோ, பின்னால் நகர இடமில்லாததுதான் கவலை. நின்ற இடத்தை நினைத்துக்கொண்டு, நிற்கப்போகும் இடத்துக்கு லென்ஸ் தேடுகிறீர்கள்.

நான் இதில் சூடுபட்டவன். ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு வந்த புதிதில், உங்களைப் போலவே கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 85-ஐ மாட்டிக்கொண்டு ஒரு மணமேடையில் ஏறினேன். எனக்குப் பின்னால் வாழைமரம், அதற்குப் பின்னால் பந்தல் கால், பக்கவாட்டில் வீடியோக்காரரின் லைட் ஸ்டாண்டு. "கெட்டி மேளம்" என்று ஐயர் குரல் கொடுத்ததும் பெரியவர்கள் அட்சதையோடு எழுந்து நெருங்கிவிட்டார்கள். ஒரு அடிகூடப் பின்வாங்க முடியவில்லை. கிடைத்த படத்தில் பெண்ணின் முகமும் கழுத்தருகே இரண்டு கைகளும் மட்டும் இருந்தன. படம் என்னவோ ஊசிமுனைக் கூர்மை. பெண்ணின் அப்பா ஆல்பத்தை இரண்டு முறை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அந்த மண்டபத்துக்கு ஒரு நாள் போய், மணை போடும் இடத்துக்கும் நீங்கள் நிற்கக்கூடிய இடத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு லென்ஸைப் பற்றிப் பேசலாம்.

ஒளிவிளிம்பு மறுமொழி:

பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றாலும், திருமணம் என்பது தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம் மட்டுமன்று. முதல் நாள் மாலை வரவேற்பு, மணப்பெண் அலங்காரம், மறுநாள் ஆற்றங்கரையில் எடுக்கும் அவுட்டோர் படங்கள் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கெல்லாம் 85 தரும் படத்தை 17–50 தருவது கடினம்.

முகம் 85-இல் அழகாக வருகிறது என்பார்கள். உண்மையில் அந்த அழகு லென்ஸிலிருந்து வருவதன்று, நாம் நிற்கும் தூரத்திலிருந்து வருவது. மூன்றடியில் நின்று ஒருவரை எடுத்தால் மூக்கு காதைவிட நமக்குக் குறிப்பிடத்தக்க அளவு நெருக்கமாக இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. ஏழெட்டு அடி தள்ளி நின்றால் அந்த வேறுபாடு மங்கி, முகம் இயல்பான அளவுக்கு வந்துவிடுகிறது. அவ்வளவு தள்ளி நின்றும் முகம் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் நீண்ட லென்ஸ் தேவைப்படுகிறது. டி7200 கிராப் சென்சார் கேமரா என்பதால் 1.5 மடங்கு சேர்த்துப் பாருங்கள்: உங்களிடம் உள்ள 50, ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாரில்) 75 போலவும், 85 ஏறத்தாழ 128 போலவும் நடந்துகொள்ளும். ஆகவே போர்ட்ரெய்ட்டுக்கான லென்ஸ் ஒன்று ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது என்பதையும் நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஆயினும் 85-க்காக ஒன்று சொல்வேன். 17–50 ஜூம்கள் கிராப் சென்சாருக்காகவே செய்யப்பட்டவை. நாளை ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறினால் அவற்றின் பயன் பெரிதும் குறைந்துவிடும். 85 எஃப் 1.8ஜி அப்படியன்று. நிக்கானின் இசட் வரிசை மிரர்லெஸ் கேமராக்களிலும் எஃப்.டி.இசட். அடாப்டர் வழியாக அதன் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். உடல் மாறும், லென்ஸ் நிற்கும்.

அரசலாற்றங்கரை:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை இஞ்ச் டேப்போடு மண்டபத்துக்குப் போய்விட்டு வந்தேன். தரையில் மண்டியிட்டு நான் அளந்துகொண்டிருந்ததைப் பார்த்த காவலாளி, பந்தல்காரர் என்று நினைத்து வாழைமரம் எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டார். அதுவும் பயனுள்ள கேள்விதான். அவரே கட்டும் இடத்தைக் காட்டினார். வாழைமரத்தையும் குத்துவிளக்கையும் கழித்துவிட்டால், மணையிலிருந்து நான் நிற்கக்கூடிய இடம் ஏழரை அடி. அதற்கு மேல் ஓர் அங்குலமும் இல்லை. மேற்கூரை மிக உயரம். அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டுவார்களாம்.

அடிக்கோல் மறுமொழி:

அளவு கிடைத்துவிட்டதால் இனி ஊகத்துக்கு வேலையில்லை. உங்கள் கேமராவின் சென்சார் 23.5 மி.மீ. அகலம். நிற்கும் தூரத்தை 23.5-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், படத்துக்குள் எவ்வளவு அகலம் விழும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஏழரை அடியிலிருந்து 85-இல் விழுவது இரண்டடி அகலம். 50-இல் மூன்றரை அடி. 35-இல் ஐந்தடி. 17-இல் பத்தடிக்குச் சற்று மேல்.

இரண்டடியில் ஒரு முகமும் தோளும்தான் அடங்கும். மூன்றரை அடியில் மணமக்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால் அடங்குவார்கள், மாலைகள் வெட்டுப்படும். முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்ற இரண்டை நாத்தனாரும் போடுவது உங்கள் வீட்டு வழக்கமாக இருந்தால், பின்னால் குனிந்து நிற்கும் அந்தப் பெண்ணையும் சேர்த்து எடுக்க ஐந்தடியாவது வேண்டும். சுற்றி நின்று அட்சதை தூவும் கூட்டமும் தெரிய வேண்டும் என்றால் லென்ஸை இருபது சொச்சம் மி.மீ.க்கு இறக்க வேண்டும். இந்த எல்லாத் தேவைகளும் முப்பது நொடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எனவே என் ஓட்டு 17–50 எஃப் 2.8-க்கு.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, எஃப் 5.6-லிருந்து எஃப் 2.8-க்கு வருவது இரண்டு ஸ்டாப். அதாவது நான்கு மடங்கு ஒளி. ஆவணியில் ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/60 என்று எடுத்தீர்கள் அல்லவா? அதே வெளிச்சத்தில் இப்போது ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/125 என்று எடுக்கலாம். எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை 1250 வரை இறக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஏழரை அடியில் 85-ஐ எஃப் 1.8-இல் திறந்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய இரண்டு அங்குலம். பெண்ணின் கண் கூர்மையாக இருந்தால் காதிலுள்ள ஜிமிக்கி கரைந்துவிடும். பின்னணி மங்குவதை நாம் கலை என்று ரசிக்கலாம். பாட்டி கொடுத்த ஜிமிக்கியையும் ராக்கொடியையும் ஆல்பத்தில் தேடும் வீட்டார் அப்படி ரசிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

கிட் லென்ஸில் வி.ஆர். என்ற நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும்; மாப்பிள்ளையின் விரல் அசைவை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு வேகமான ஷட்டர் ஒன்றே வழி. வீடியோக்காரரின் விளக்கு மலிவான எல்.இ.டி.யாக இருந்தால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை அதிகம் கூட்டினால் படத்தில் இருண்ட பட்டைகள் விழலாம். முதல் நாள் வரவேற்பிலேயே சோதித்து, பட்டை தெரிந்தால் 1/100-க்கு இறங்கிவிடுங்கள். ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள்: கூரை உயரத்தில் இருக்கிறது, நடுவில் உள்ள சிவப்புத் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி எல்லோருடைய முகத்திலும் சிவப்பை ஏற்றிவிடும்.

17-இல் எடுக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. சட்டத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுப் பருமனாகத் தெரிவார்கள். குடும்பப் படத்தில் மாமியாரை ஓரத்தில் நிறுத்தாதீர்கள்.

ஒளிவிளிம்பு:

கணக்கைப் பார்த்த பிறகு மேடையைப் பொறுத்தவரை என் வாதத்தை விலக்கிக்கொள்கிறேன். அவுட்டோருக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: உங்கள் கேமராவில் 85-ஐ மாட்டி ஒருவரைத் தலைமுதல் கால்வரை எடுக்க, படத்தை நெட்டுவாக்கில் பிடித்தாலும், ஏறத்தாழ 25 அடி தள்ளி நிற்க வேண்டும். ஆற்றங்கரையில் அது இயலும். மணப்பெண் அறையில் இயலவே இயலாது. அங்கே உங்கள் 50-ஏ மேல்.

இன்னொன்று: பணம் இன்னும் குறைவாக இருந்தால் நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8ஜி டி.எக்ஸ். (கிராப் சென்சாருக்கான) லென்ஸையும் கருதலாம். 200 கிராம்தான் எடை. நீங்கள் அளந்த ஏழரை அடிக்கு அது ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் கூட்டத்தைக் காட்ட 18–140-க்குத் திரும்ப வேண்டியிருக்கும். இரண்டு கேமரா உடல்கள் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பழைய லேப்காரர்:

தம்பி, 17–50-ஐப் பழையதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் சிலவற்றைக் கவனியுங்கள். டார்ச் விளக்கைப் பின்பக்கமாகக் காட்டி, முன்பக்கம் வழியே உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். தூசி இரண்டொரு புள்ளி இருந்தால் கவலையில்லை. பிறகு உங்கள் கேமராவிலேயே மாட்டி, எஃப் 2.8-இல் ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, நடு வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். கூர்மை முன் வரியிலோ பின் வரியிலோ விழுந்தால், டி7200-இல் உள்ள ஏ.எஃப். ஃபைன் டியூன் வழியாக ஓரளவு சரிசெய்யலாம். 17-இலும் 50-இலும் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; ஒரு லென்ஸுக்கு ஒரே ஒரு திருத்தத்தைத்தான் கேமராவில் பதிவுசெய்ய முடியும்.

லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் உள்ளதா இல்லாததா என்று குழம்ப வேண்டாம். டி7200 உடலிலேயே மோட்டார் இருப்பதால் பழைய வகை லென்ஸும் ஆட்டோஃபோகஸ் செய்யும். டி5600 போன்ற கேமரா வைத்திருப்பவர்கள்தான் அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

85 ஆசையையும் அடக்க வேண்டியதில்லை. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நாள் வாடகைக்கு எடுத்து, வரவேற்புக்கும் மறுநாள் ஆற்றங்கரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தன்று அது பையைவிட்டு வெளியே வர வேண்டாம்.

அரசலாற்றங்கரை:

மிக்க நன்றி, ஐயா. எஃப் 2.8 ஜூம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளும் டார்ச்சுமாகப் போகிறேன். அக்காளிடம் கேட்டதில், எங்கள் வீட்டு வழக்கப்படி நாத்தனார் பெண்ணுக்குப் பின்னால் நின்றுதான் முடிச்சுப் போடுவாராம். ஆகவே மேடையின் இடப்பக்கத்தில் சிறிய முக்காலி ஒன்று போட்டுக்கொள்ள இடம் கேட்டேன். பந்தல்காரர் சம்மதித்துவிட்டார், வீடியோக்காரரிடம்தான் இன்னும் பேசவில்லை.