டி.எஸ்.எச். இயல்பு வரம்பை நாமே கணிக்க வேண்டுமா?

கேள்வி (ஆய்வக நுட்பர், மதுரை):
புதிய கருவியுடன் உற்பத்தியாளர் தந்துள்ள டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) வரம்பை அப்படியே அறிக்கையில் அச்சிடலாமா, அல்லது இவ்வட்டார வயதுவந்தோரிடம் மாதிரி எடுத்து நாங்களே கணிக்க வேண்டுமா? ரத்ததான முகாம்களுக்கு வருவோரின் மாதிரிகள் போதுமா?

பதில் (உயிர்வேதியியல் ஆசிரியர்):
புதிதாகக் கணிப்பதானால் நலமுள்ள 120 பேராவது வேண்டும். முடிவுகளை வரிசைப்படுத்தி, இரு முனைகளிலும் 2.5 சதவீதத்தை நீக்கினால் எஞ்சும் நடுப்பகுதியே வரம்பு. ஆண், பெண் எனப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் 120 பேர் தேவை. சிறிய ஆய்வகத்துக்கு இது பெரும் சுமை என்பதால், உற்பத்தியாளரின் வரம்பை 20 பேரிடம் சரிபார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது. இருவருக்கு மேல் அவ்வரம்புக்கு வெளியே போகாவிட்டால் அதையே ஏற்கலாம். முகாமுக்கு வருவோரில் இளம் ஆண்களே மிகுதி என்பதையும், முதுமையில் மேல் எல்லை சற்று உயரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதில் (மருத்துவர், திருமங்கலம்):
ஆளைத் தேர்வதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. கழுத்தில் வீக்கம் உள்ளோர், குடும்பத்தில் தைராய்டு நோய் உள்ளோர், கர்ப்பிணிகள், தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ளோர் ஆகியோரை விலக்காவிட்டால், வெளித்தெரியாத நோயாளிகளால் மேல் எல்லை பொய்யாக உயரும். இரவில் கூடிப் பிற்பகலில் குறையும் ஹார்மோன் இது என்பதால், எல்லோரிடமும் காலையிலேயே ரத்தம் எடுங்கள். முடி உதிர்வுக்கென்று மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கி விழுங்கும் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரையைப் பற்றியும் கட்டாயம் கேளுங்கள். பயோட்டினைக் கொண்டே அளக்கும் சில கருவிகளில் அது டி.எஸ்.எச். அளவைக் குறைத்துக் காட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. எங்கள் கருவி பயோட்டின் முறையில்தான் இயங்குகிறது. ஒப்புதல் படிவத்தில் அக்கேள்வியைச் சேர்த்துவிட்டு, 20 பேரிடம் தொடங்குகிறோம்.